நாற்பதாவது நிமிஷம்

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஒரு பஞ்சர் கடை நிழலில் நின்று தண்ணீர் குடித்தேன். பிறகு மறுபடி திண்டிவனம் பார்த்து நடந்தேன், சாலையின் இடது ஓரமாகவே. அப்படி நடந்தால்தான் வண்டிகள் எனக்கு வலது பக்கமாகப் போகும். வலது காது கேட்கும். இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது. போய்ப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அப்போது பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. மிச்சமிருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் சத்தமான வேலை. அதுதான் சிக்கல்.

காது போனதை எனக்குத் தெரியவைத்தவர் விழுப்புரத்தில் ஹெட்போன் விற்கிற ஒரு பெண். ஆறு மாதம் அவரிடம் வேலை பார்த்தேன். அன்று காலைதான் அந்த வேலையை விட்டிருந்தேன். வேலையை விட்டால் நான் நடந்துதான் போவேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் விட்ட மாதிரியே இருக்காது, எதையோ வைத்துவிட்டு வந்தது போல இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தால் அது சரியாகிவிடும். அன்று சரியாகவில்லை. முண்டியம்பாக்கம் தாண்டியும், விக்கிரவாண்டி தாண்டியும் அந்தப் பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

இது நடந்து நாலு வருஷம் இருக்கும். அதன் பிறகு எத்தனையோ முதலாளிகளிடம் இருந்திருக்கிறேன். பல பேருடைய முகம்கூட நினைவில் இல்லை. இவருடையது இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு எனக்குப் படிப்பு நின்றது. பிறகு போர்வெல் லாரி, கான்கிரீட் கலக்குகிற மிஷின், கல்யாண வீட்டு ஜெனரேட்டர், அப்புறம் திண்டிவனம் பக்கத்தில் ஜல்லி உடைக்கிற கிரஷர். கிரஷரில் மட்டும் விட்டு விட்டு ஒன்பது வருஷம். அங்கேயும் ஒரு நாள் மத்தியானம் சோறு தின்ற தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. மேல்மலையனூர் போய் மொட்டை போட்டேன். வேண்டுதலும் இல்லை. கல் தூசியில் தலை நமைத்தது, அங்கே சாப்பாடும் போட்டார்கள். அங்கிருந்து விழுப்புரம் வந்து, ஜங்ஷனுக்கு வெளியே ஒரு கடையோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் வந்து என் எதிரில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு நாப்பது நிமிஷம் உங்க தலை வேணும்."

"இன்னாத்துக்கு?"

"ஹெட்போன் மாட்டிப் பாக்க. முடி இருக்கறவங்க பொய் சொல்றாங்க. மேல்பட்டை எங்க அழுத்துதுன்னு மொட்டத் தலைக்கு ஒண்டிதான் மொதல்ல தெரியும். டீ வாங்கித் தர்றேன்."

"டீ ஒண்டிதானா?"

"நாப்பது நிமிஷம் தாண்டி உக்காந்தீங்கன்னா பஜ்ஜி."

இரண்டையும் வாங்கிக் கொடுத்தார். சாயந்தரம் கடையைப் பெருக்கிக் கொடுத்தேன். மறுநாளும் போனேன். அப்படியே வேலை ஆகிவிட்டது. என்னைவிட அவர் நாலு வயசாவது சின்னவர், ஆனாலும் நான் அவரை அக்கா என்றேன். சம்பளம் கொடுக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் என்னை அண்ணே என்பார். கடைக்கு வருகிறவர்கள் யார் யாருக்கு மூத்தவர் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

கடை ஜங்ஷனிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாவு மில்லை ஒட்டி இருந்தது. காலையிலிருந்து சாயந்தரம்வரை மில் ஓடும். சுவரில் கை வைத்தால் கை அதிரும். வாடகை கம்மி என்று பிடித்திருப்பார் என நினைத்தேன். ஒரு நாள் கேட்டேன்.

"சத்தம் ஜாஸ்தின்னுதான் புடிச்சேன்" என்றார். "ஏசி ரூம்ல உக்கார வெச்சு, சத்தத்த அடக்குதா பாருங்கன்னு காட்டறது நாயமா? இங்க மாட்டிப் பாக்கட்டும்."

மில்லுக்காரர் அவ்வப்போது தலையெல்லாம் வெள்ளையாக எட்டிப் பார்ப்பார். "ஏம்மா, எம் மில்ல வெச்சே வியாபாரம் பண்ற. எனக்குக் கமிஷன் இல்லியா?"

"சத்தம் ஒண்டிதான் உங்குளுதுங்க. அத இல்லாமப் பண்றது என்னுது."

மிளகாய் அரைக்கிற நாளில் கடையில் எல்லோரும் தும்முவோம். தும்மினால் ஹெட்போன் நழுவுகிறதா, அப்படியே இருக்கிறதா என்று அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவர் விற்றதெல்லாம் விலை கூடிய சாமான். புதுசு வாங்கிப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தவை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விற்றுவிட்டுப் போனவை, பெட்டி மட்டும் பிரித்தவை. சென்னையில் ஒரு ஆள் மொத்தமாக அனுப்புவார். பக்கத்து ஊர்களில் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், தினமும் ரயிலில் போய்வருகிறவர்கள், மெடிக்கல் காலேஜ் பிள்ளைகள் என்று வாங்க ஆள் இருந்தது. ஆனால் அவரிடம் வாங்குவது சுலபமில்லை. கடைக்குள் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம். மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் விற்பார்.

"அஞ்சு நிமிஷத்துல எல்லாமே நல்லாத்தாங்க இருக்கும்" என்பார். இதை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை சொல்வார். புதுசாகச் சொல்வது போலவே சொல்வார்.

கெடார் பக்கத்திலிருந்து ஒருத்தர் காரில் வந்தார். வெளிநாட்டில் இருக்கிற மச்சான் வைத்திருக்கிறான், அதே மாதிரி வேண்டும் என்றார். வண்டி எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை.

"உக்காந்து பாருங்க."

"டைம் இல்லம்மா. காசப் புடி, சாமானக் குடு."

"டைம் இல்லாதவருக்கு இது இன்னாத்துக்குங்க? இது உக்காந்து கேக்கறவருக்கு."

"இன்னா பேஜாரா பூட்டுது ஒங்கூட. விக்கறியா, விக்கலியா?"

"நாப்பது நிமிஷம் கழிச்சு விக்கறேன்."

அவர் என்னவோ திட்டிக்கொண்டே போனார். அந்த மாதம் வியாபாரம் சுமார். அக்கா அந்த ஹெட்போனை ஒரு துணியால் துடைத்துத் திரும்பவும் ஆணியில் மாட்டினார், அவ்வளவுதான்.

ஒரு டீச்சரம்மா தினமும் ரயிலில் திண்டிவனம் போய்வருகிறவர். ஒரு கருப்பு ஹெட்போனைப் பார்த்ததுமே அது பிடித்துவிட்டது. மாட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் கை காதுக்குப் போனது. தோட்டின் திருகு உள்ளே அழுத்துகிறது.

"தோட்டக் கழட்டிட்டுப் போட்டுக்கறேன்" என்றார் டீச்சர்.

"தெனமும் ஓடற ட்ரெயின்ல தோட்டக் கழட்டி எங்க வெப்பீங்க டீச்சர்?"

வேறொன்றை எடுத்து மாட்டிவிட்டார். விலை குறைந்தது, காதை மூடுகிற கப் அகலமானது. மறுபடி கடிகாரத்தைப் பார்த்து முதலிலிருந்து நாற்பது. டீச்சருடைய ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் அதோடு போனார்.

அவருடைய நோட்டு கணக்கு நோட்டு மாதிரி நீளமானது. ஒவ்வொரு ஹெட்போனுக்கும் இரண்டு பக்கம். இடது பக்கம் சொகுசு, வலது பக்கம் சத்தம். சொகுசைத்தான் முதலில் எழுதுவார். "தல வலிச்சா காது கேக்காது" என்பது அவர் வாக்கு. கம்பெனிப் பேரெல்லாம் நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை, நிறம்தான். கருப்பு எடை இல்லாதது, பஞ்சு மெத்தை போல உட்காரும். ஆனால் சித்திரை வெயிலில் அரை மணியில் காதைச் சுற்றி வேர்த்து வழியும். சத்தத்தில் மேளம் முன்னால் வந்து நின்றுகொள்ளும், பாடுகிறவர் பந்தலுக்கு வெளியே நிற்பார். வெள்ளி நிறத்தது முழுக்க உலோகம். ஒவ்வொரு வாத்தியமும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கை காட்டலாம். துணி குஷன், வேர்க்காது. ஆனால் கழுத்து வலிக்கும், உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு இடம் மரத்துப்போகும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது என் மொட்டைதான். சந்தன நிறத்தில் ஒன்று இருந்தது. மில் சத்தத்தை அதைப் போல அடக்குவது வேறில்லை. ஆனால் குளத்தில் முங்கி எழுந்த மாதிரி காது அடைத்துக்கொண்டே இருக்கும்.

"எது நல்லதுங்க?" என்று கேட்டால், "யாரு தலைக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.

அவர் வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார். இரண்டு ஹெட்போனை ஒப்பிட வேண்டுமென்றால் காலை பஸ்ஸில் ஒன்று, சாயந்தர பஸ்ஸில் ஒன்று. மறுநாள் மாற்றிப் போடுவார். ஏன் என்று கேட்டேன். காலை பஸ்ஸில் கூட்டம் இருக்காது, சாயந்தர பஸ்ஸில் இருக்கும், மாற்றாவிட்டால் காலையில் போட்டதுதான் எப்போதும் ஜெயிக்கும், மற்றது பாவம் இல்லையா என்றார். ஒரு சாமானுக்குப் பாவம் பார்க்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னொன்றும் செய்வார். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்த பிறகுதான் கேட்கச் சொல்வார். "சத்தம் ஒரு பொட்டு ஜாஸ்தியா இருந்தாப் போதும்ணே, அதுதான் நல்லதுன்னு மனசு சொல்லிடும். கத்தறவன் பேச்சு உண்மை மாதிரி இருக்கும் பாருங்க, அந்த மாதிரி."

தன்னைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். ஒரே ஒரு முறை, மழைக்கு யாரும் வராத ஒரு மத்தியானம், நானே கேட்டேன், இந்த நாற்பது நிமிஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு அஞ்சு நிமிஷம் தனியா பேச விட்டாங்க. நல்லாத்தான் பேசினாரு."

சொல்லிவிட்டுக் குஷன் ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஐந்தாவது மாதத்திலிருந்து சென்னையிலிருந்து வருகிற சாமானில் முதல் சோதனையை என்னிடம் விட்டார். ஒரு பதிவு வைத்திருந்தார், எங்கோ கோயில் திருவிழாவில் எடுத்தது. இரண்டு நாயனம். முதல் ஆள் வலது பக்கம், இரண்டாவது ஆள் இடது பக்கம். இரண்டு பேரும் சமமாகக் கேட்டால் சரி. கேட்காவிட்டால் கோளாறு, திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. கிரஷரில் ஒன்பது வருஷம் மிஷின் சத்தத்தை வைத்தே கல்லை நசுக்குகிற தாடை தேய்ந்ததா இல்லையா என்று சொன்னவன் நான். காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

முதல் வாரத்தில் வந்த ஒன்றில் இடது பக்க நாயனம் மெலிந்து கேட்டது. 'இடது வீக்' என்று சீட்டு ஒட்டினேன். அடுத்த வாரம் வந்த இரண்டிலும். அதற்கடுத்த வாரம் வந்த நாலிலும் அப்படித்தான். சென்னைக்காரன் ஏமாற்றுகிறான் என்று நான்தான் அக்காவிடம் ஏற்றிவிட்டேன். அவர் ஏழையும் திருப்பி அனுப்பி, போனில் சண்டையும் போட்டார். அந்த ஆள் ஏழையும் சோதித்துவிட்டுத் திரும்பப் பேசினார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"மேடம், ஏழும் சூப்பரா இருக்கு. ஃபர்ஸ்ட்டு உங்க ஆளு காத டெஸ்ட் பண்ணுங்க."

"எங்க அண்ணன் காதப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றார் அக்கா. "கல்லு உடையற சத்தத்துலயே மிஷின்ல இன்னா கோளாறுன்னு சொல்ற ஆளு."

"கல்லு உடைச்ச ஆளா?" என்றார் அவர். பிறகு, "சரி மேடம், அனுப்பறேன், நீங்களே கேட்டுப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

ஏழும் திரும்பி வந்த அன்று மத்தியானம் கரண்ட் போயிருந்தது. மில் நின்றிருந்தது. அக்கா ஒன்றை எடுத்து முதலில் தான் கேட்டார். பிறகு இன்னொன்று. ஏழையும் கேட்டார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி வெள்ளி நிறத்ததை என் தலையில் மாட்டினார். பின்னாலிருந்து மாட்டியதால் எப்படி மாட்டினார் என்று நான் கவனிக்கவில்லை.

"யாருக்குண்ணே மூச்சு வாங்குது? யாரு மெலிசாக் கேக்கறாரு?"

"முதல் ஆளுக்கு" என்றேன். "ரெண்டாவது ஆளு நல்லா வாசிக்கறாரு. பாத்தீங்களா, இதுல வேற கோளாறு."

அவர் கழற்றி என் முன்னால் காட்டினார். இடது கப் என் வலது காதில் இருந்திருக்கிறது. மாற்றி மாட்டியிருந்தார். நேராக மாட்டினார். இப்போது இரண்டாவது ஆளுக்கு மூச்சு வாங்கியது.

பிறகு அவர் பாட்டை நிறுத்திவிட்டு, சத்தத்தை அடக்குகிற பொத்தானை மட்டும் போட்டார். வாயசைத்துக் கேட்டார், இப்போது என்ன கேட்கிறது என்று.

"சில்வண்டு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். எப்பவும் கேக்கறதுதான்."

"எப்பவுமா?"

"ஆமா. சத்தம் இல்லன்னா அதுதானே கேக்கும். ஏன், உங்களுக்குக் கேக்கலியா?"

அவர் ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்திருப்பார். கண்ணைத் திறந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இல்லண்ணே. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

நாற்பத்தோரு வயசுவரை அது எல்லோருக்கும் கேட்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அமைதி என்றால் அந்தச் சத்தம்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் சாமான்தான் சரியில்லை என்று கத்தினேன். கரண்ட் இல்லாததால் மில்லுக்காரர் உட்பட தெருவே கேட்டது. கிளம்பிவிட்டேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று போனால், கடை பூட்டியிருந்தது. அவர் எதிரே பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"முண்டியம்பாக்கம் பஸ் வருது. ஏறுங்க."

"எதுக்கு?"

"மூஞ்சக் கழுவிக்கினு வந்தீங்களா இல்லியா? ஏறுங்கண்ணே, ஜல்தி."

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். டாக்டர் பார்த்துவிட்டு, காது சோதிக்கிற அறைக்கு அனுப்பினார். ஒரு சின்ன அறைக்குள் இன்னொரு சின்ன அறை. அங்கேயும் தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். வலது பக்கம் அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் காத்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது. போர்வெல் குழாய் காலில் விழுந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஒரு தாளைக் காட்டினார். வலது காதின் கோடு லேசாகச் சரிந்து போனது. இடது காதின் கோடு கொஞ்ச தூரம் போய் ஒரேயடியாக விழுந்தது.

"குவாரி மாதிரி இருக்குதும்மா" என்றேன்.

"குவாரிதான் காரணம்" என்றார் அவர். "மிஷின் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம். எப்பவும் இடது பக்கம்தான்."

போன காது வராது, காது மிஷின் வைத்துப் பார்க்கலாம், எழுதிக் கொடுத்திருக்கிறோம், இனிமேல் சத்தத்தில் வேலை பார்த்தால் வலது கோடும் இப்படி விழும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "உங்க ஹெட்போன் ரொம்ப இறுக்குதுங்க, மேல்பட்டைக்கு ஒரு துணியாவது சுத்தி வெய்யுங்க" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

சென்னை ஆளுக்கு அன்று சாயந்தரமே போன் போட்டு, தப்பு எங்க பக்கம்தான் என்று சொன்னார். "யாரு காதுன்னு சொல்ல மாட்டேன்" என்றும் சொன்னார். அந்த ஆளுக்குத் தெரியாதா என்ன.

அதன் பிறகு பத்து நாளுக்கு மேல் கடையில் இருந்தேன். இருக்கும்போதெல்லாம் சந்தன நிறத்ததை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று உத்தரவு, மில் சத்தம் காதில் விழாமல் இருக்க. விலை கூடிய சாமானை மாட்டிக்கொண்டு தெருப் பெருக்குகிறவன் விழுப்புரத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருந்திருப்பேன். மில் அடங்கியது. ஆனால் மில் அடங்கினால் சில்வண்டு எழுந்தது. ஹெட்போன் இல்லாதபோது அது இவ்வளவு பெரிசாகக் கேட்டதில்லை. ஒரு மணி நேரத்தில் எனக்கு யாரையாவது அடிக்கலாமா என்று தோன்றும். நான் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கஷ்டமா இருக்கும்" என்றார் ஒரு காலை, மில் ஓட ஆரம்பிப்பதற்கு முன்.

"சொல்லுங்கக்கா."

"நீங்க இந்த மில்லு பக்கத்துல இருக்கக் கூடாது. அத மாட்டிக்கினும் உங்களால இருக்க முடியல. நாப்பது நிமிஷத்துக்கு மேல மூஞ்சே மாறிடுது. தெனமும் பாத்துக்கினுதான் வர்றேன்."

"கழட்டிட்டு இருக்கறேன்."

"இருந்தா இந்தக் காதும் போயிடும். உங்கள வெச்சுக்கணும்னா நான் கடைய மாத்தணும். நாலு நாளா யோசிச்சேன். மாத்த முடியல, அண்ணே. மாத்தினா கடையே இல்ல."

இதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. என்னை அனுப்பிய முதலாளிகள் நிறைய உண்டு. வேலை குறைந்துவிட்டது என்பார்கள், அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்பார்கள், சிலர் திருட்டுப் பட்டம்கூடக் கட்டுவார்கள். தன்னால் முடியாததை முடியவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான். நாலு நாள் யோசித்திருக்கிறார். எனக்காக ஒரு மணி நேரம் யோசித்தவர்கூட அதற்கு முன் யாரும் இல்லை.

சம்பளத்தைக் கொடுத்தார். காதில் அடைக்கிற ஆரஞ்சு நிறப் பஞ்சு மூன்று ஜோடி கொடுத்தார். மூன்றையும் தான் போட்டுப் பார்த்து, எது எத்தனை மணி நேரம் வலிக்காமல் இருக்கும் என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் எழுதியிருந்தார். என் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. ஹெட்போன்களுக்கு நடுவில் எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. தலைப்பு, அண்ணன். அதன் கீழே, முதல் அஞ்சு நிமிஷம் சரியில்லை, போகப் போக நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. நான் படித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"வர்றேங்க்கா."

"போய்ட்டு வாங்கண்ணே. இடது ஓரமாவே நடங்க."

நடந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டியபோது வெயில் இறங்கியிருந்தது. அவர் வீட்டுக்குப் போகிற சாயந்தர பஸ் என்னைக் கடந்து போனது. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார், தலையில் ஹெட்போன், கண் மூடியிருந்தது. கருப்பா வெள்ளியா என்று பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது. கையைத் தூக்கியிருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் தனக்குத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அன்று இரவு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற டீக்கடைப் பக்கம் போய் நின்றேன். முதலில் வந்தது போர்வெல் லாரி. ஆள் பிடிக்க இறங்கியவர் என் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"ஏற்கெனவே போர் ரிக்குல இருந்த ஆளா?"

"ஆமா."

"ஆந்திரா போறோம். மூணு வேளையும் சோறு. ஏறு, மேல எடம் இருக்குது."

நல்ல சம்பளம் சொன்னார். கிரஷர் அளவுக்குச் சத்தம் இருக்காது, ஆரஞ்சுப் பஞ்சு இருக்கிறது, ஒரு மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். டிரைவர் கம்ப்ரஸரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். டீக்கடையில் எல்லோருடைய வாயும் அசைந்தது, ஒருத்தர் பேச்சும் கேட்கவில்லை. காலை எடுத்துவிட்டேன்.

"இன்னாய்யா?" என்றார் அவர்.

"இல்லிங்க. காது சரியில்ல."

இதை வாய் திறந்து ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்த்தார்.

லாரி போன பிறகு ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே நிறையப் பெண்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள், செடியிலிருந்து காயை ஆய்வதற்கு இரண்டு ஆள் குறைகிறது என்றார்கள். டீக்கடையில் நின்ற ஆண்கள் ஒருத்தரும் அசையவில்லை. அது பொம்பளை வேலை, கூலியும் பாதி.

"நான் வர்றேன்" என்றேன்.

கொண்டை போட்ட ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பள ஆளு காய் ஆயுமா? பத்து நிமிஷம் குந்துவியா நீ?"

"குந்துவேம்மா."

"குந்தட்டும் வுடு" என்றார் இன்னொருத்தர். "இடுப்பு புடிச்சா தூக்கினு வந்துடலாம், நாம பத்துப் பேரு இருக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இடம் விட்டார்கள்.

மல்லாட்டைக் கொல்லையில் எந்த மிஷினும் இல்லை. பிடுங்கிய செடிகள் குவிந்து கிடந்தன. அதன் முன்னால் வரிசையாக உட்கார ஆரம்பித்தார்கள். அந்தக் கொண்டை அம்மா நடுவில் இடம் காட்டினார். நான் சுற்றிப் போய் வரிசையின் இடது கோடியில், வேலியை ஒட்டி உட்கார்ந்தேன். "ஏன், எங்களப் பாத்தா பயமா?" என்றார். இந்தக் காதுதான் கேட்கும் என்று வலது காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு செடியை எடுத்து, எப்படிப் பிடித்து ஆய்ந்தால் விரல் வலிக்காது என்று காட்டினார். அந்த வரிசையில் யாரும் கத்திப் பேசவில்லை. நான் ஆய ஆரம்பித்தேன்.